கணினி மொழியும் தன்குறி வழக்கமும்

பழைய மாணவர் சங்கத்தார் தமது விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சிலப்பதிகாரத்து நீதியோ, சங்ககால விருந்தோம்பலோ, அன்றேல் மலையகத்து நாட்டார் பாடலோ ஆகும். அவை யாவும் சொல்லத்தக்கனவே. பலராற் பலமுறை சொல்லப்பட்டும் உள்ளன. இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினிக்குரிய செய்நிரல் மொழி. தமிழ் வாத்தியாருக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என அன்பர் சிலர் நகைப்பர். எமக்குள்ள தகுதி பயிற்றப்பட்ட தமிழாசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றே. கணினித்துறையிற் பட்டம் பெற்றோம் அல்லோம். ஆயினும், இலக்கணம் கற்பிப்பவன் அமர்ந்து பேசவேண்டிய ஆசனம் ஒன்று அத்துறையில் வெறுமையாய்க் கிடக்கின்றதென்பது எமது கருத்து. அக்கருத்தைச் சபையின்முன் வைக்கவே இதனை எழுதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தை நடுவிற் கைவிட்டான். தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நடந்து வருபவன்; கணக்கிற் கெட்டிக்காரன். காரணம் வினவினோம். “சேர், அது இங்கிலீசு தெரிந்த பிள்ளைகளுக்கான பாடம்” என்றான். பாடநூல் தமிழில் இருக்கின்றது. வினாத்தாளும் தமிழில் வருகின்றது. செய்நிரல் எழுதுமிடத்து மாத்திரம் ஆங்கிலச் சொற்களாலான பைதன் மொழி வந்து நிற்கின்றது. அவ்வோரிடத்திலேயே அவன் தான் அந்நியன் என்று தீர்மானித்துக்கொண்டான்.

இதனை ஆசிரியர் கூடத்தில் எடுத்துரைத்தோம். அதற்குக் கிடைத்த மறுமொழி நியாயமானதே. 1989ஆம் ஆண்டிலே தரப்படுத்தப்பட்ட சி மொழிக்கு முதன்மைச் சொற்கள் 32 மட்டுமே. இன்றைய பைதனுக்கு 35. இவற்றை மனனஞ் செய்ய ஒரு வாரம் போதும். ஒரு திருக்குறள் அதிகாரத்தை இரவோடிரவாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு இது பெரிதோ என்று நண்பர் கேட்டார். சொற்களைப் பொறுத்தவரை அவர் கூற்றை நாம் முற்றாக ஒப்புக்கொள்கின்றோம். மேலும், 2008இல் வெளிவந்த பைதன் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ஆதலாற் சொல்லின் வறுமை பெரிய தடையன்று.

தடை வேறோரிடத்தில் இருந்தது. அம்மாணவனையே அழைத்து, அவனது கொப்பியிலிருந்த செய்நிரல் ஒன்றைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னோம். “ஆனால்… புள்ளி நாற்பதிலும் கூட… பதிப்பி… சித்தி” என்று தட்டித் தடவி வாசித்தான். சொல் ஒவ்வொன்றும் அவனுக்குத் தெரிந்திருந்தது, வாக்கியம் தெரிந்திருக்கவில்லை. தமிழ் மகன் எவனும் “புள்ளி நாற்பதிலும் கூடியதாயின், ‘சித்தி’ எனப் பதிப்பி” என்றே சொல்லுவான். எமது மொழியில் நிபந்தனை முன்னே வந்து, ‘ஆயின்’ என்பது அதன் வாலிலே ஒட்டும். வினைமுற்று இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் ‘இஃப்’ தலையில் நிற்கும். ஏவல்வினை அதனதன் பொருளுக்கு முன்னே நிற்கும். செய்நிரல் மொழிகளுட் பெரும்பாலன அந்த ஒழுங்கையே எலும்புக்கூடாகக் கொண்டவை. இது சொல்லதிகாரத்துச் செய்தி. ஆகவே எமது தொழிலுக்கு உட்பட்டது.

இனி, செய்நிரல் மொழியொன்றை அதனைப் பயன்படுத்துவோனே நீட்டி வளர்க்க இயலுமா? இயலும். அதற்கான கருவிக்கு மாக்ரோ என்று பெயர். ஒரு சிறு சொல்லைச் சொன்னால் அது விரிந்து, முன்னரே வகுத்துவைத்த நீண்ட கட்டளைத் தொடராக மாறும். மாறிய பின்னரே கணினி அதனை ஏற்று நடத்தும். ஆதியிற் பொறிமொழி எழுதியோர் கைவலி குறைக்கக் கண்ட உபாயம் இது. 1960ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து டக்ளஸ் மக்கில்ராய், உயர்மட்ட மொழிகளையும் இவ்வுபாயத்தால் விரிவாக்கலாம் என்று எழுதினார். இக்கட்டுரையளவில் மாக்ரோவை ‘விரிசொல்’ எனக் குறியிடுகின்றோம். பிறர் வேறு பெயர் இட்டிருக்கலாம். இங்கே இது எமது தன்குறி.

விரிசொல் இருவகைப்படும். முதல்வகை சி மொழியில் உள்ளது. அங்கே ஒரு சொல்லை எழுதி, அதற்கு ஈடாக இன்னது நிற்குமென வரையறுத்துவிட்டால், செய்நிரல் மொழிமாற்றப்படுவதற்கு முன்னர் அச்சொல் வருமிடமெல்லாம் ஈடு வந்து அமரும். அவ்வாறே ‘இஃப்’ என்பதற்கு ‘ஆனால்’ என்றும், ‘வைல்’ என்பதற்கு ‘வரை’ என்றும் முப்பது வரிகளில் ஒரு பட்டியல் எழுதிவிட்டால், தமிழில் சி மொழி பிறந்துவிட்டதெனப் பறைசாற்றலாம். பிறந்தது தமிழ் உடுத்த ஆங்கிலம். ‘ஆனால்’ தலையிலேயே நிற்கும். அந்த மாணவன் தட்டித் தடவிய இடத்திலேயே மீண்டுந் தட்டுவான்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதிலுள்ள குறை இன்னொரு வகையிலும் வெளிப்படும். ‘வர்க்கம்’ என்ற விரிசொல்லை, தரப்பட்டதை இருமுறை எழுதி நடுவே பெருக்கற்குறி இடுக என வரையறுத்தோம் என்க. ஐந்தைக் கொடுத்தால் 5 × 5, விடை 25. ஐந்தை 2 + 3 என்று கொடுத்தாலோ, அது 2 + 3 × 2 + 3 என விரியும். பெருக்கலை முதலிற் செய்யும் விதிப்படி விடை 11. அடைப்புக்குறி இட்டால் இப்பிழை தீரும். இடவேண்டும் என்று அறிந்தவனுக்கே தீரும். தமிழிலும் இவ்விடர் உண்டு. இம்மலரின் அட்டையைப் பாருங்கள்: ‘பழைய மாணவர் சங்கம்’. பழையது மாணவரா, சங்கமா? எழுத்தை மாத்திரம் காண்பவனுக்கு ஐயம் எழும். தொகைநிலைத் தொடரைப் பிரித்து விரிக்கக் கற்றவனுக்கு ஐயமில்லை. சி மொழியின் விரிசொல் எழுத்தை மாத்திரம் காண்பது. (சங்கமும் பழையதாகிவிட்டதே என்று செயலாளர் சொல்லக்கூடும், அது வேறு விடயம்.)

இரண்டாம் வகை லிஸ்ப் மொழியினது. ஜோன் மக்கார்த்தி 1958இல் வகுக்கத் தொடங்கிய அம்மொழியிற் செய்நிரல் என்பதே பிறைக்கோட்டுக்குள் அமைந்த ஒரு பட்டியல், பட்டியலுக்குள்ளே பட்டியல். வாக்கியத்தைப் பகுத்துக் கிளைவிட்டுக் காட்டும் கரும்பலகைப் படம் போன்றது. 1963இல் திமொதி ஹார்ட் என்பவர் அம்மொழிக்கு விரிசொல்லைச் சேர்த்தார். இங்கு விரிசொல்லின் கையில் வந்து சேர்வது வெற்றெழுத்தன்று. பகுத்து வைத்த வாக்கியம். எது நிபந்தனை, எது விளைவு என்று உறுப்புறுப்பாக எடுத்து, இடம் மாற்றி, புதிய வாக்கியமாகக் கட்டித் திருப்பித் தரலாம். அந்தத் திருப்பித் தரும் விதியையும் லிஸ்ப் மொழியிலேயே எழுதலாம். எழுத்தை மாற்றுபவன் அச்சுக்கோப்பவன். வாக்கியத்தை மாற்றுபவன் இலக்கணி.

இதனைச் சாதாரணச் செயற்கூறு ஒன்றினாற் செய்யலாகாதா என்று கணினி கற்ற பிள்ளைகள் கேட்பர். எம்மையும் கேட்டனர், நாமும் சிலநாள் விடையறியாது விழித்தோம். செயற்கூறு தன்னிடம் தரப்படுவன அனைத்தையும் முதலிற் செய்து முடித்துவிட்டே தன் வேலையைத் தொடங்கும். ‘ஆனால்’ என்பதை ஒரு செயற்கூறாக ஆக்கி, “மழை பெய்தாற் குடையை விரி, பெய்யாவிடிற் குடையை வீட்டில் வை” என்று கட்டளையிட்டால், அது குடையை விரித்தும் வீட்டில் வைத்தும் முடித்த பின்னர், எது வேண்டும் என்று எம்மைப் பார்க்கும். விரிசொல் அவ்வாறன்று, தரப்பட்டவற்றைச் செய்யாமல், அவற்றின் வடிவத்தை மாத்திரம் பார்த்து, எதனை எப்பொழுது செய்வதென வகுத்துக் கொடுக்கும். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் எவரும் சேர்க்கலாம். புதிய இடைச்சொல்லைச் சேர்ப்பதற்கே விரிசொல் வேண்டும்.

தமிழில் இம்முயற்சி நடைபெறவில்லை என எண்ணற்க. முத்து அண்ணாமலை என்பார் உருவாக்கிய ‘எழில்’ என்னும் செய்நிரல் மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் ஏற்ற கட்டற்ற மென்பொருள் அது. அதனை நாம் மதிப்பதற்குக் காரணம் ‘பதிப்பி’, ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’ முதலான சொற்கள் மட்டும் அல்ல. நிபந்தனையை முன்னே பிறைக்கோட்டில் நிறுத்தி, ‘ஆனால்’ என்பதை அதன் பின்னே வைத்தார் அவர். அந்த ஓரிடத்தில் ஆங்கிலத்தின் எலும்பு முறிக்கப்பட்டுத் தமிழெலும்பு பொருத்தப்பட்டது. குறையொன்றும் சொல்ல அனுமதிப்பின், ‘பதிப்பி’ என்பது இன்னும் முதலிலேயே நிற்கின்றது. வினைமுற்று இறுதிக்கு வந்துசேரவில்லை. அதனை இறுதிக்குக் கொண்டுவர விரும்பும் பிள்ளை என்ன செய்வது? எழில் மொழியின் உள்ளே புகுந்து, அது எழுதப்பட்ட பைதனைத் திருத்தவேண்டும். அது வேறொரு கல்வி.

லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ராக்கெட் என்னும் மொழியோ, 2010 முதல் அப்பெயரால் வழங்குவது, மொழிகளைச் செய்வதற்கான மொழியென்றே தன்னைச் சொல்லிக்கொள்வது. பிறைக்கோட்டுக்குள் முதலில் நிற்பதே வினை என்பது அக்குடும்பத்து வழக்கம். ராக்கெட்டில் அந்த வழக்கத்தையே ஒரு விரிசொல்லால் மாற்றி, இறுதியில் நிற்பதே வினை என்று விதிக்கலாம். ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்ற ஒழுங்கில் எழுதினால், அது முறைமாறி விரிந்து கணினிக்குப் போகும். அந்த விதி சில வரிகளில் அடங்குவது. எமது மாணவர் எழுதினர், அருகிருந்து பார்த்தோம். தொழிற்பெயரும் வினைமுற்றும் கரும்பலகையில் நாம் கற்பித்த காலத்தில் அவர்கள் முகத்திற் காணாத ஒளியை அன்று கண்டோம் என்று சொல்ல எமக்குச் சிறிது வெட்கமே.

இக்கொள்கை எமது இலக்கணிகளுக்குப் புதியதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் எண்ணிய உத்திகள் 32. அவற்றுள் ஒன்று, நூலாசிரியன் தானே ஒரு குறியை இட்டு, பின்னர் நூல் முழுவதும் அக்குறியாலேயே வழங்குவது. ‘உயிர்’ என்று ஒருமுறை பெயரிட்டுவிட்டால், பின்வரும் புணர்ச்சி விதிகளிலெல்லாம் பன்னிரண்டு எழுத்துகளையும் அடுக்கவேண்டியதில்லை. வடமொழியிற் பாணினி ‘அச்’ என்ற ஓரசையால் உயிரெழுத்துகள் அனைத்தையும் சுட்டியது இதனினும் இறுக்கமான விரிசொல். சி மொழியின் முதன்மைச் சொற்களும் 32, நன்னூலின் உத்திகளும் 32 என்பதில் எப்பொருளும் இல்லை. ஆயினும் வகுப்பில் அதனைச் சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

1998ஆம் ஆண்டு கய் ஸ்டீல் என்னும் அறிஞர் மொழியை வளர்ப்பது பற்றி ஆற்றிய உரையொன்று கணினியாளரிடையே பெயர்பெற்றது. ஓரசைச் சொற்களை மாத்திரமே முதலாகக் கொண்டு அவர் பேசத் தொடங்கினார். நீண்ட சொல் எதுவாயினும், அதனை ஓரசைச் சொற்களால் முதலில் வரையறுத்த பின்னரே வாயெடுத்தார். மொழி சிறிதாய்த் தொடங்கி, பயன்படுத்துவோர் கையில் வளரவேண்டும் என்பது அவர் கட்சி. நன்னூலார் ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு என்பார். தீ, பூ, கை, வா, போ, தா என்றிவற்றைக் கொண்டே ஒரு மாணவன் பேச்சைத் தொடங்கி, வேண்டுஞ் சொல்லை வரையறுத்து வரையறுத்து மேலே செல்ல இயலுமா என்று ஒருநாள் விளையாடிப் பார்த்தோம். ஐந்து நிமிடத்திற் சிரிப்பில் முடிந்தது. எனினும் வரையறை என்றால் என்ன என்பது அன்று விளங்கிற்று.

உண்மையில், தம் மொழியைத் தாமே விரித்துக்கொண்ட மக்கள் எம்மைச் சூழ வாழ்கின்றனர். தோட்டத்துத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குவோர் இதனைச் சிந்திப்பாராக. ‘பெரட்டு’ என்ற ஒரு சொல்லில் விடியற்காலைக் கூட்டமும், ஆளெண்ணுதலும், அன்றைய வேலை பிரித்தலும் அடங்கும். ‘கவ்வாத்து’ என்றால், தேயிலைச் செடியைக் குறித்த உயரத்தில் வெட்டி மீளத் தழைக்கவிடும் வேலை முழுவதும் விரியும். ‘பேர்’ என்ற சொல்லை எடுங்கள். ஊரார்க்கு அது பெயர். தோட்டத்தில் ‘இன்று பேர் விழுந்தது’ என்றால், வேலைக்கு வந்தமை, குறித்த நேரம் நின்றமை, குறித்த நிறைக் கொழுந்து கொடுத்தமை, அவற்றாற் செக்றோலில் ஒருநாட் சம்பளம் பதியப்பட்டமை ஆகிய யாவும் அவ்வீரெழுத்தில் அடங்கும். ‘அரைப்பேர்’ என்பது அதன்மேற் கட்டிய இன்னொரு விரிசொல். இச்சொற்களை ஆக்கியோர் கலைச்சொற் குழுவினர் அல்லர். மலையில் நின்று வேலை செய்தோர். அவர்களின் பேரப்பிள்ளையே, தனக்கு மொழியொன்றில் உரிமையில்லையென்று பாடத்தைக் கைவிட்டான்.

விரிசொல்லின் உள்ளே அதே விரிசொல் வரலாமா? வரலாம். இதனை விளக்க நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. தெமோதரைப் புகையிரத நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி வளைந்து வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியேறுகின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிய விதங்கண்டே இவ்வளைவு எண்ணப்பட்டதென்று ஒரு கதை உண்டு, கதையாகவே சொல்லுகின்றோம். வண்டி தன்னிடத்துக்கே மீளுகின்றது. ஆயின் மட்டம் தாழ்ந்து மீளுகின்றது. தன்னையே அழைக்கும் விரிசொல்லும் ஒவ்வொரு சுற்றிலும் சிறியதொரு பொருளின்மேல் இறங்கவேண்டும். இறங்காவிடின் விரிவுக்கு முடிவில்லை. சி மொழி இவ்விடயத்தில் மாணவனை நம்புவதில்லை. ஒரு விரிசொல்லின் விரிவுக்குள் அதே சொல் வந்தால் அதனை மீள விரிக்காமல் விட்டுவிடும்.

இனி, எதிர்வாதம். ஆளுக்கொரு விரிசொல் வகுத்தால், ஒருவன் எழுதியதை மற்றவன் வாசிக்க முடியாது போகும். இது வெறும் அச்சமன்று. லிஸ்ப் மொழி அவ்வாறே பல கிளையாகப் பிரிந்தது. அவற்றை இணைக்கும் பொதுத்தரம் 1994இலேயே அமெரிக்காவில் நிறைவேறிற்று. புதிதாய் நியமனம் பெற்று மலையேறிவரும் ஆசிரியர், ‘அரைப்பேர்’ என்றாற் சுருக்கிய பெயர் என்று எண்ணுவதையும் கண்டுள்ளோம். பெயர் மோதும் இடரும் உண்டு. விரிசொல் தன்னுள்ளே தற்காலிகமாக ஒரு பெயரை வைத்திருக்க, அதனைப் பயன்படுத்துவோனும் அதே பெயரைத் தன் மாறிக்கு இட்டிருந்தால், ஒன்றன் பெறுமதி மற்றதில் ஏறிவிடும். ஒரே பெரட்டில் இரண்டு இராமசாமிகள் நின்றால், கணக்கப்பிள்ளை லயத்தைக் கேட்டுப் பிரித்தெழுதுவார். பழைய விரிசொல் கேட்காது. 1986இல் கோல்பெக்கர் முதலிய நால்வர், விரிசொல் இட்ட பெயரையும் பயன்படுத்துவோன் இட்ட பெயரையும் வேறுபிரித்தறியும் முறையை வெளியிட்டனர். சுகாதாரமான விரிவு என்று அதற்குப் பெயர். ராக்கெட் அவ்வழியில் வந்தது. 2015இல் முதற்பதிப்பு நிலைபெற்ற ரஸ்ட் மொழியோ, விரிசொல்லை அழைக்குமிடத்தில் வியப்புக்குறி இட்டெழுதச் செய்கின்றது. வாசிப்பவன் அங்கே ஏதோ விரியப்போகின்றதென அறிந்துகொள்வான். இவ்விடர்களை அறிந்தும் நாம் விரிசொல்லின் கட்சியிலேயே நிற்கின்றோம். வழுவுக்கு அஞ்சி ஆக்கத்தைத் தடுத்தால், மாணவன் பிறர் வகுத்த விதியை மனனஞ் செய்பவனாகவே இருப்பான். வரையறையை முன்னே எழுதிவைத்துவிட்டுப் பின்னே வழங்குக என்று கட்டாயப்படுத்தினால் இவ்விடரிற் பெரும்பங்கு குறையும்.

பரீட்சையில் தமிழ்ச் செய்நிரல் எழுதவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பரீட்சைக்குப் பைதனே இருக்க. தொழிலுக்குச் செல்வோன் ஆங்கிலச் சொற்களுடனேயே வாழப்போகின்றான் என்பதையும் அறிவோம். ஆயின் உயர்தர வகுப்பு தொடங்கும் முதற்றவணையில், வாரத்துக்கு ஒரு பாடவேளை, தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று, மாணவரைக் கொண்டு ஒரு சிறு தமிழ்ச் செய்நிரல் மொழியைக் கட்டுவிக்கவேண்டும் என்பது எமது கோரிக்கை. கட்டியவன், பிறகு பைதனில் ‘இஃப்’ தலையில் நிற்பதைக் காணும்போது, அது இயற்கையன்று, யாரோ ஒருவரின் தெரிவு என்று அறிந்து கற்பான். கொழும்பிலும் பிறநாடுகளிலும் கணினித் தொழிலில் இருக்கும் பழைய மாணவர் விடுமுறையில் ஊர் வரும்போது, பரிசளிப்பு விழாவில் மாலை ஏற்பதோடு நில்லாமல், ஒரு சனிக்கிழமை எம்முடன் வகுப்பில் அமர்வாராக. ராக்கெட் இலவசமாகக் கிடைப்பது. பழைய கணினியிலும் ஓடும். சங்கத்தாரிடம் நாம் பணம் கேட்கவில்லை.

சென்ற தவணையில் ஒன்பது பிள்ளைகள் தாமாகவே இதில் இறங்கினர். பாடத்தைக் கைவிட்ட மாணவன் அவர்களுள் இல்லை. அவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். அவர்கள் கட்டும் மொழியில் தோட்டக் கணக்கெழுத ‘பேர்’ என்பதை முதல் விரிசொல்லாக வைத்தனர். அதன் வரையறையில் எத்தனை கிலோக் கொழுந்து என்று எழுதுவதென இரு பிள்ளைகளிடையே வாக்குவாதம் மூண்டது. இருவரும் வேறு வேறு தோட்டத்தார். இருவர் வீட்டிலும் சொல்லும் அளவு வேறு. தாயிடம் கேட்டு வந்த மூன்றாமவள், ஒரே தோட்டத்திலும் காலத்துக்குக் காலம் அளவு மாறும் என்றாள். இறுதியில் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, தோட்டத்தின் பெயரையும் மாதத்தையும் கொடுத்தால் அளவு வந்து அமரும்படி விரிசொல்லைத் திருத்தி எழுதத் தொடங்கினர். ‘அரைப்பேர்’ என்பதற்கு இன்னும் வரையறை எழுதப்படவில்லை.